ஆர்டர் தாளில் விழுந்த ஒரு டிக்: அமெரிக்க மஸில் கார்களை வாங்குவதும் சேகரிப்பதும்

1969ஆம் ஆண்டின் ஷெவர்லே கமாரோ ஒன்றை விலைக்குப் பார்க்கப் போகிறவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால், முதலில் அதன் பெயிண்டையோ சக்கரங்களையோ பார்க்க மாட்டார். பேனட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு, ஒரு டார்ச் விளக்கும் பழைய துணியும் கேட்பார். இன்ஜினின் முன்பக்கத்தில், வலப்புற சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், இரண்டு விரல் அகலத்தில் தட்டையான ஓர் இரும்புப் பரப்பு இருக்கும். அதன்மீது படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, அங்கே குத்தப்பட்டிருக்கும் சில எழுத்துகளையும் எண்களையும் வாசிப்பார். கேட்கப்படும் விலை நியாயமானதா, அல்லது இரண்டு மடங்கு ஏற்றிச் சொல்லப்படுகிறதா என்பது அந்த ஒரு வரியில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வீட்டுமனை வாங்குகிறவர் மண்ணைப் பார்ப்பதைவிட மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் அதிக நேரம் பார்க்கிறார் அல்லவா, பழைய மஸில் கார் வாங்குவதும் ஏறக்குறைய அப்படித்தான். ஃபெராரி போன்ற கார்களில் உயர்ந்த மாடலுக்கும் சாதாரண மாடலுக்கும் உடலமைப்பிலேயே வேறுபாடு உண்டு. மஸில் காருக்கு அப்படி இல்லை. அது குடும்பங்கள் ஓட்டிய சாதாரணக் காரின் அதே கூடு, அதே கதவு, அதே டேஷ்போர்டு. டீலரின் மேசையில் இருந்த ஆர்டர் தாளில் ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டவருக்குப் பெரிய இன்ஜின் வந்தது, போடாதவருக்கு வரவில்லை. 50, 60 ஆண்டுகள் கழித்து அந்த டிக்கை நிரூபிப்பதுதான் இந்தச் சந்தையின் மொத்த வேலையும். அது ஏன் அப்படி ஆயிற்று என்பதை அறிய, இந்தக் கார்கள் பிறந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் பிரிவுகள் எதுவும் கார்ப் பந்தயங்களில் ஈடுபடக் கூடாது என்று தடை விதித்தது. பந்தய வெற்றியை வைத்தே விற்பனையை வளர்த்துக்கொண்டிருந்த பான்டியாக் பிரிவுக்கு அது பேரிடி. அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் பந்தயத் திடலுக்குப் பதிலாகத் தெருவை நோக்கித் திரும்பினார்கள். நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காருக்குள், பெரிய கார்களுக்கென்று வைத்திருந்த 389 கன அங்குல வி-8 இன்ஜினை இறக்கினார்கள். ஆனால் நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்தைத் தாண்டிய இன்ஜின் கூடாது என்று தலைமையகத்தின் விதி ஒன்று இருந்தது. புதிய மாடலாக அறிவித்தால் அது மேலிடத்தின் அனுமதிக்குப் போக வேண்டும். எனவே அதை மாடலாக அறிவிக்காமல், லெமான்ஸ் வகை டெம்பெஸ்டுக்கு ஏறத்தாழ 300 டாலர் விலையுள்ள ஓர் ஆப்ஷன் தொகுப்பாக 1964ஆம் ஆண்டுக்கான விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதற்கு ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயர் ஜி.டி.ஓ. 5,000 கார் விற்றால் போதும் என்று தொடங்கிய அந்தத் தொகுப்பு முதல் ஆண்டிலேயே 32,450 கார்களில் ஏறியது.

நிர்வாக விதியை ஏய்ப்பதற்காகச் செய்த இந்தத் தந்திரமே பிறகு ஒரு தொழில்முறையாகிவிட்டது. ஃபோர்டு, கிரைஸ்லர், ஷெவர்லே, பியூக், ஓல்ட்ஸ்மொபில், ஏ.எம்.சி. எல்லாரும் அதே வழியில் வந்தார்கள்: இருக்கிற கூட்டுக்குள் பெரிய இன்ஜின், உறுதியான கிளட்ச், கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங், பேனட்டின் மேல் ஒரு மேடு, பக்கவாட்டில் ஒரு கோடு. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு அறிமுகப்படுத்திய மஸ்டாங்கின் தொடக்க விலை 2,368 டாலர்தான். ஆனால் ஆப்ஷன் பட்டியல் மிக நீளம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாட்டியம்மா கோயிலுக்குப் போகும் காரையும் உண்டாக்கலாம், வெள்ளிக்கிழமை இரவு டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விடும் காரையும் உண்டாக்கலாம்.

உச்சம் வந்தது 1970இல். தன் நடுத்தரக் கார்களின் இன்ஜின் அளவுக்கு வைத்திருந்த வரம்பை ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ஆண்டு எடுத்துவிட, ஷெவர்லேயின் செவெல் எஸ்.எஸ். காரில் எல்.எஸ்.6 என்ற 454 கன அங்குல இன்ஜின் 450 குதிரைத்திறனுடன் வந்தது. லிட்டர் கணக்கில் அது ஏறக்குறைய ஏழரை. நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய மாருதி 800இன் இன்ஜின்கள் ஒன்பதைச் சேர்த்தாலும் அந்த அளவு எட்டாது. வீழ்ச்சியும் அதே வேகத்தில் வந்தது. இளைஞர்களின் காப்பீட்டுப் பிரீமியம் ஏறியது. 1970இன் தூய காற்றுச் சட்டம் புகைக்கு வரம்பு கட்டியது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்றபடி 1971இல் இன்ஜின்களின் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டது. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தபோது கதை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. 1972இல் குதிரைத்திறனை அளக்கும் முறையும் மாறியதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அதற்கு முன் துணைக் கருவிகள் எதுவுமின்றி மேடையில் ஓடும் வெற்று இன்ஜினை அளந்தார்கள், அதன் பின் காரில் உள்ளபடி சைலன்சரும் காற்று வடிகட்டியும் மாட்டி அளந்தார்கள். அதனால் 1971இல் 365 என்று அச்சான அதே 454 இன்ஜின் அடுத்த ஆண்டு 270 ஆகிவிட்டது. விற்பனை விளம்பரங்களில் இந்த இரண்டு கணக்கையும் கலந்து எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆக, சேகரிப்பாளர்களின் நாட்டம் பெரும்பாலும் 1964 முதல் 1972 வரையிலான ஒன்பது மாடல் ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஆண்டுகளின் கார்கள் இலட்சக்கணக்கில் விற்றவை. 1969 மாடல் கமாரோ மட்டுமே 2,43,085. அவற்றுள் 20,302 கார்கள் 302 கன அங்குல இன்ஜின் பொருத்திய இசட்-28. அதே ஆண்டில் முழுக்க அலுமினியத்தால் வார்த்த 427 கன அங்குல இன்ஜினுடன் வந்த இசட்.எல்.1 வகை வெறும் 69. இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஏன் இவ்வளவு பேர் சாதாரணக் கமாரோவுக்கு வேறு பெயர் சூட்ட ஆசைப்படுகிறார்கள் என்பது புரியும்.

இசட்.எல்.1 கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரிய கார் என்பது பெரும்பாலும் விற்காத கார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. டாக்சிகளுக்கும் நகராட்சி லாரிகளுக்கும் சிறப்புப் பெயிண்ட், சிறப்பு உதிரிகள் ஆர்டர் செய்வதற்காக ஷெவர்லேயில் கோப்போ என்ற ஏற்பாடு இருந்தது. தலைமை அலுவலகத்துக்கு நேராகப் போகும் உற்பத்தி ஆணை அது. அந்தக் கொல்லைப்புற வழியில், இலினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூரைச் சேர்ந்த டீலர் ஃபிரெட் கிப், டிராக் ரேஸ் எனப்படும் நேர்கோட்டு வேகப் பந்தயத்துக்காக 50 இசட்.எல்.1 கார்களுக்கு ஆணை கொடுத்தார். கார்கள் வந்தபோது இன்ஜினுக்கு மட்டுமே 4,000 டாலருக்கும் மேல் விலை போடப்பட்டிருந்தது, முழுக் காரும் 7,000 டாலரைத் தாண்டியது. அந்தப் பணத்தில் ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டையே வாங்கலாம். சிற்றூர் டீலர் ஒருவரால் இவ்வளவையும் எப்படி விற்க முடியும்? பெரும்பகுதியை ஷெவர்லே திரும்ப எடுத்துக்கொண்டு வேறு டீலர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அன்று முற்றத்தில் கிடந்த அந்தக் கார்களில் சில பிற்காலத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டி விற்றிருக்கின்றன.

கிரைஸ்லர் நிறுவனத்தின் பிளிமத் சூப்பர்பேர்டின் கதையும் இதேதான். நாஸ்கார் பந்தயத்தில் இறக்க வேண்டுமானால் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும் என்ற விதிக்காக, கூரிய மூக்கும் உயர்ந்து நிற்கும் பின் இறக்கையும் வைத்து 1970இல் ஏறத்தாழ 1,900 கார்கள் செய்யப்பட்டன. வாங்க ஆளில்லாமல், மூக்கையும் இறக்கையையும் கழற்றிச் சாதாரண முகப்பை மாட்டி விற்ற டீலர்களும் உண்டு. இன்று அந்த மூக்குக்காகவே விலை.

இனி ஒரு காரின் அடையாளத்தைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம். இந்த வகையில் நிறுவனத்துக்கு நிறுவனம் வழி வேறு.

கிரைஸ்லர் கார்களில் வேலை எளிது, ஏனென்றால் சேஸிஸ் எண்ணிலேயே இன்ஜின் எது என்று எழுதியிருக்கும். 1970 பிளிமத் ஹெமி குடா (ஹெமி என்ற சக்திமிக்க இன்ஜின் பொருத்திய பாரகுடா) ஒன்றின் டேஷ்போர்டில், முன்கண்ணாடியின் வழியே தெரியும் சிறு தகட்டை வாசித்தால் பி, எஸ், 23, ஆர், 0, பி என்று தொடங்கும். முதல் பி பாரகுடா குடும்பம். எஸ் என்பது அதன் சிறப்பு வகை. 23 என்றால் கெட்டிக் கூரை, அதே இடத்தில் 27 இருந்தால் திறந்த கூரை. ஆர் என்பதுதான் எல்லாரும் தேடும் எழுத்து: 426 கன அங்குல ஹெமி. 0 என்றால் 1970. கடைசி பி, மிச்சிகனின் ஹாம்ட்ராம்க் ஆலை. அந்த ஐந்தாவது இடத்தில் ஆர் இல்லாமல் வேறு எழுத்து இருந்தால், பேனட்டுக்குள் எவ்வளவு அழகாக ஹெமி உட்கார்ந்திருந்தாலும் அது பிறப்பால் ஹெமி கார் அல்ல. புதிதில் அந்த எழுத்தின் விலை 871 டாலர். காரின் விலையில் கால் பங்குக்கும் மேல் வந்த அந்தத் தொகையைக் கொடுத்து, காப்பீட்டுக்காரரின் முகச்சுளிப்பையும் தாங்கி வாங்கியவர்கள் குறைவு. 1970இல் கெட்டிக் கூரையுடன் 652, திறந்த கூரையுடன் 14. அடுத்த ஆண்டு திறந்த கூரை ஹெமி குடா 11 மட்டுமே. அத்துடன் ஹெமி நிறுத்தப்பட்டது. அந்தப் பதினொன்றில் நான்கு கியர் மேனுவல் பெட்டியுள்ள ஒன்று 2014இல் சியாட்டிலில் நடந்த மெக்கம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குக் கேட்கப்பட்டது.

ஷெவர்லேயில் இந்த வசதி இல்லை. 1972க்கு முன்பு அதன் சேஸிஸ் எண், ஆறு சிலிண்டரா எட்டு சிலிண்டரா என்பதைத் தாண்டி இன்ஜினைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே 1969 கமாரோவின் சேஸிஸ் எண்ணை வைத்து அது இசட்-28 என்றோ எஸ்.எஸ். என்றோ யாரும் சொல்ல முடியாது. தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டு விரல் அகல இரும்புப் பரப்பின் மகிமை இங்கிருந்துதான் வருகிறது.

உதாரணமாக அங்கே வி 0315 டி.இசட். என்று குத்தியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வி என்பது ஃபிளின்ட் நகரத்து இன்ஜின் ஆலை, 0315 மார்ச் 15, டி.இசட். என்பது 1969 இசட்-28இன் 302 இன்ஜினுக்கான குறி. பக்கத்தில் 19என் என்று தொடங்கி ஆறு இலக்கங்கள் இருக்கும்: ஷெவர்லே, 1969, ஓஹையோவின் நார்வுட் ஆலை, பிறகு காரின் வரிசை எண். டேஷ்போர்டுத் தகட்டின் கடைசி இலக்கங்களோடு இது பொருந்தினால்தான் காரும் இன்ஜினும் ஒரே நாளில் ஒன்று சேர்ந்தவை என்று பொருள். நம்பர் மேட்சிங் என்று இந்த வட்டாரத்தில் சொல்வது இதைத்தான். விஷயம் அத்தோடு முடிவதில்லை. சிலிண்டர் பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில், வார்க்கும்போதே எழுந்த தேதி ஒன்று இருக்கும். சி 5 9 என்றிருந்தால் அது 1969 மார்ச் 5. பேனட்டுக்குள் பின்சுவரில் உள்ள உடல் தகட்டில் 03டி என்றிருந்தால் கார் மார்ச் நான்காம் வாரத்தில் கட்டப்பட்டது. 5ஆம் தேதி வார்ப்பு, 15ஆம் தேதி இன்ஜின் கோப்பு, மாதக் கடைசியில் கார் என்ற வரிசை இயல்பானது. வார்ப்புத் தேதி ஏப்ரலில் இருந்துவிட்டால், குத்தியிருக்கும் எழுத்து எவ்வளவு சரியாக இருந்தாலும் அது பின்னாளில் யாரோ குத்தியது. வார்த்தெடுக்காத இரும்பில் எந்த ஆலையும் இன்ஜின் கட்டியதில்லை.

எழுத்தைக் குத்துவது அவ்வளவு கடினமான காரியமல்ல, அச்சுக் குத்துகள் விலைக்குக் கிடைக்கின்றன. கடினமானது அந்தப் பரப்பின் மேல்தோலைப் போலி செய்வது. ஆலையில் பிளாக்கின் மேற்பரப்பைச் செதுக்கிய வெட்டுக்கருவி, முன்னிருந்து பின்னாக மயிரிழை போன்ற இணைகோடுகளை விட்டுச் செல்லும். பழைய எண்ணைத் தேய்த்து அழித்தவர் அந்தக் கோடுகளையும் சேர்த்தே அழித்திருப்பார். அதைப் பார்ப்பதற்காகத்தான் விளக்கைச் சாய்த்துப் பிடிப்பது. இதில் அவசரத் தீர்ப்பும் ஆபத்து. இன்ஜினைப் பிரித்துப் புதுப்பித்த ஒரு நேர்மையான மெக்கானிக், மேற்பரப்பைச் சமன்செய்ய இயந்திரத்தில் கொடுத்திருந்தாலும் எண் போயிருக்கும், 1970களில் அது பழைய கார், அதன் எண் யாருக்கும் ஒரு பொருட்டல்ல. எண் இல்லாத இன்ஜின் குற்றவாளி அல்ல, சாட்சி சொல்ல முடியாதவர் மட்டுமே. புதுக்கோடு போட்டு எண் குத்திய இன்ஜின்தான் பொய்ச் சாட்சி.

இதற்குள் இன்னொரு விநோதம். 1968 டிசம்பரிலிருந்து நார்வுட் ஆலை தன் கமாரோக்களின் உடல் தகட்டில் எக்ஸ் என்று தொடங்கும் ஒரு குறியையும் பதித்தது, எக்ஸ்77, எக்ஸ்33 ஆகியவை இசட்-28ஐக் குறிப்பவை. கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலை அதைச் செய்யவில்லை. இரண்டு ஆலைகளின் எழுத்தர் வழக்கத்தில் இருந்த இந்தச் சிறு வேறுபாட்டால், ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு கார்களில் ஒன்றுக்குப் பிறப்புச் சான்று இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

இவ்வளவு தடயம் தேடுவதைவிட ஆலைக் குறிப்பேட்டையே கேட்டுவிடலாமே என்று தோன்றும். பான்டியாக்குக்கு அது முடியும்: பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பு, நிறுவனத்தின் மைக்ரோஃபிலிம் பதிவுகளிலிருந்து ஒவ்வொரு காரின் இன்வாய்ஸ் நகலையும் தருகிறது. 1964, 1965 ஜி.டி.ஓ.க்களின் சேஸிஸ் எண் அவற்றை லெமான்ஸ் என்றே சொல்வதால், இந்த நகல் இல்லாமல் அவற்றை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதுதான். 1966இல் ஜி.டி.ஓ. தனி மாடலானது முதல் 242 என்ற தொடக்கம் சேஸிஸ் எண்ணிலேயே வந்துவிடுகிறது. ஃபோர்டுக்கு, 1967 முதலான உற்பத்தித் தரவுகளை உரிமம் பெற்று வைத்திருக்கும் கெவின் மார்ட்டியின் அறிக்கை இருக்கிறது. பெயிண்ட், பின் அச்சின் கியர் விகிதம், எந்த டீலருக்கு எந்த நாளில் போனது என்பது வரை அதில் வரும். கிரைஸ்லரில் 1968 முதலான ஆலைப் பதிவுகள் தொலைந்துவிட்டன. ஷெவர்லேயில் அமெரிக்காவுக்குள் விற்ற கார்களுக்கு அப்படியொரு காப்பகமே இல்லை, கனடாவில் விற்றவற்றுக்கு மட்டும் உண்டு. அதனால் பனிப்பிரதேசத்தில் துருவேறி ஓடிய கனடியக் கமாரோவுக்குக் கெட்டியான காகிதமும், கலிபோர்னியாவில் பத்திரமாக இருந்த காருக்கு வெறும் வாய்வார்த்தையும் என்ற முரண் ஏற்படுகிறது.

பதிவு தொலைந்த இடத்தில் கிரைஸ்லர் ரசிகர்கள் நம்புவது பிராட்காஸ்ட் ஷீட் என்ற தாளை. உற்பத்தி வரிசையில் எந்தக் காருக்கு எதை மாட்ட வேண்டும் என்று தொழிலாளிக்குச் சொன்ன வேலைத் தாள் அது. வேலை முடிந்ததும் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான், ஆனால் குப்பைக்கூடை தொலைவில் இருந்ததாலோ என்னவோ, பலர் அதைப் பின்சீட்டின் ஸ்பிரிங்குக்குள்ளும் கார்பெட்டுக்கு அடியிலும் செருகிவிட்டார்கள். 50 ஆண்டு கழித்து சீட்டைக் கழற்றுகிறவர், எலி கடித்த, எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளை விரித்து, ஈ74 என்ற ஹெமிக் குறியைப் பார்க்கும்போது, காரின் விலை அந்தக் கணமே ஏறுகிறது. சில சமயம் சீட்டுக்குள் இருப்பது பக்கத்துக் காரின் தாளாகவும் இருந்துவிடும். இன்னொரு மூலையில் யாரோ ஒருவர் தன் காரின் தாளைத் தேடிக்கொண்டிருப்பார்.

காகிதம் இவ்வளவு விலை பெறும் இடத்தில் காகிதமும் தகடும் போலியாக வருவது இயல்பு. இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆறு சிலிண்டர் பாரகுடா ஒன்றை வாங்கி, ஹெமி இறக்கி, கோடு ஒட்டி, கேட்பவரிடம் இது நான் கட்டியது என்று சொல்லி ஓட்டுவது குளோன். அதில் குற்றமில்லை, மகிழ்ச்சிதான். நசுங்கிப்போன அசல் ஹெமி காரின் சேஸிஸ் தகட்டைக் கழற்றி நல்ல உடல் ஒன்றில் அடித்துவிடுவது வேறு. சேஸிஸ் எண்ணை அகற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்காவில் மத்தியச் சட்டப்படி குற்றம். எனவே தகட்டின் எண்ணைப் படிப்பவர், அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டையும் பார்க்கிறார்: அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் கார்களில் அது ஆறிதழ்ப் பூவைப் போல இருக்கும். பிறகு உடலில் மறைவாகக் குத்தப்பட்ட எண்களைத் தேடுகிறார். கிரைஸ்லர் கார்களில் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலும், கமாரோவில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் சுவரிலும் அவை இருக்கும். இப்போது டைனகார்ன் போன்ற நிறுவனங்கள் 1969 கமாரோவின் முழு உடலையே புதிய தகட்டில் அச்சடித்து விற்கின்றன. கதவு, ஃபெண்டர், தரை, கூரை என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எந்தக் கட்டத்தில் அது பழைய கார் அல்லாமல் போகிறது என்பதற்குச் சட்டத்திலும் தெளிவான கோடு இல்லை, ரசிகர்களிடமும் ஒருமித்த கருத்து இல்லை.

உடலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் துருவுக்கு எந்த நாட்டிலும் ஒரே குணம்தான். மிச்சிகன், ஓஹையோ போன்ற மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்தக் கார்களில் பின்சக்கர வளைவும் டிக்கியின் தரையும் முதலில் போகும். அரிசோனாக் காரில் இரும்பு சுத்தமாக இருக்கும், சீட்டும் டேஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும். சீட்டை மாற்றுவது எளிது என்பதால் பாலைவனக் காருக்கே மவுசு. வினைல் ஒட்டிய கூரைக்கு அடியிலும், மஸ்டாங்கின் முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் குழியிலும் தண்ணீர் தங்கி அரித்திருக்கும். கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை உடல் முழுக்க நகர்த்திப் பார்த்தால் எங்கே இரும்பு, எங்கே பட்டி என்று தெரிந்துவிடும். செவெல், ஜி.டி.ஓ. போன்றவற்றுக்குத் தனிச் சட்டம் உண்டு, மஸ்டாங்குக்கு உடலே சட்டம் என்பதால் அதில் தரை அரித்தால் செலவு வேறு அளவில் போகும். ஆனாலும் என் கணிப்பில், புதிதாக வாங்குகிறவர்கள் துருவுக்குப் பயப்படும் அளவில் பாதியாவது காகிதத்துக்குப் பயப்பட வேண்டும். துருவை வெட்டி எடுத்து வெல்டிங் செய்யலாம், இல்லாத வரலாற்றை வெல்டிங் செய்ய முடியாது.

இந்த வாதத்துக்கு உச்ச உதாரணம் 2020 ஜனவரி 10 அன்று ஃபுளோரிடாவின் கிஸிம்மீயில் மெக்கம் நடத்திய ஏலத்தில் வந்த கரும்பச்சை நிற 1968 மஸ்டாங். 'புல்லிட்' திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய கார் அது. 1974இல் பத்திரிகை விளம்பரம் பார்த்து ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கி, வீட்டுக் காராக ஓட்டியது. 1977இல் மெக்குயினே திரும்பத் தரும்படி கடிதம் எழுதியும் கொடுக்கவில்லை. ஏலத்துக்கு வந்தபோது அதன் பெயிண்ட் மங்கி, உடலில் துரு தெரிந்தது, சீட் கிழிந்திருந்தது, கேமரா பொருத்தப் படக்குழுவினர் அடியில் பற்றவைத்த குழாய்களின் தடயமும் இருந்தது. 34 லட்சம் டாலருக்கு ஏலம் முடிந்து, கட்டணத்துடன் 37 லட்சத்து 40 ஆயிரம் ஆயிற்று. அதே ஆண்டின் அதே 390 இன்ஜின் மஸ்டாங்கைப் பளபளவென்று புதுப்பித்து நிறுத்தினாலும் அந்த விலையில் மிகச் சிறு பங்குதான் கிடைக்கும். யாராவது அந்தக் காருக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அதுதான் வரலாற்றின் மிக விலையுயர்ந்த டிங்கரிங் வேலையாக இருந்திருக்கும்.

அந்தக் கட்டண வேறுபாட்டைக் கவனித்தீர்களா? சுத்தியல் விழும் தொகைக்கு மேல் பொதுவாகப் பத்து விழுக்காடு அளவில் வாங்குபவரிடம் வசூலிப்பார்கள், விற்பவரிடம் தனியாக. மெக்கம் ஏலங்களில் பல கார்களுக்குக் குறைந்தபட்ச விலை உண்டு, அது எட்டாவிட்டால் கார் வீடு திரும்பும். அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் பாரெட்-ஜாக்சன் நடத்தும் ஜனவரி ஏலத்தில் பெரும்பாலானவை எந்த வரம்பும் இல்லாமல் விற்கப்படுபவை. அந்தப் பந்தலில் விளக்கும் கேமராவும் கைத்தட்டலும் சேர்ந்து விலையை ஏற்றும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து, தன் வீட்டுக் காருக்கும் அதே விலை என்று நம்பியவர்கள் ஏராளம். 2000களின் நடுவில் திறந்த கூரை ஹெமி குடாக்கள் 20 லட்சம் டாலரைத் தாண்டின, 2008இன் நிதி நெருக்கடி வந்ததும் மஸில் கார் விலைகள் சடசடவென்று இறங்கின. 2021இல் ஒரு 1971 திறந்த கூரை ஹெமி குடாவுக்கு 48 லட்சம் டாலர் வரை கேட்டும் உரிமையாளர் கொடுக்காமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். காகிதத்தில் தங்கம் போலத் தோன்றும் இந்தச் சொத்துக்கு விலை என்பது அந்த அறையில் அன்று எத்தனை பேர் கை தூக்குகிறார்கள் என்பதே.

கை தூக்குகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. 1969இல் பதினெட்டு வயதில் பக்கத்துவீட்டு அண்ணன் ஓட்டியதை ஏக்கத்துடன் பார்த்தவர்களே பின்னாளில் பணம் சேர்ந்ததும் இவற்றை வாங்கினார்கள், அவர்கள் இப்போது எழுபதைக் கடந்துவிட்டார்கள். அடுத்த தலைமுறையில் பலருக்கு எண் பொருத்தத்தில் அக்கறையில்லை. பழைய உடலுக்குள் நவீன இன்ஜினும் டிஸ்க் பிரேக்கும் ஏசியும் வைத்த ரெஸ்டோமாட் கார்களுக்கு அவர்கள் தாராளமாகக் கொடுக்கிறார்கள். நியாயமும் இருக்கிறது: டிரம் பிரேக் வைத்த ஏழு லிட்டர் காரை இன்றைய சாலையில் நிறுத்துவது வீரச்செயல், லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் என்பது மைலேஜே அல்ல, எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களைத் தின்றுவிடுகிறது.

அளவான பணமுள்ள ஒருவர் ஓட்டி மகிழ்வதற்காக வாங்குகிறார் என்றால், குளோன் என்று வெளிப்படையாகச் சொல்லி, குளோனுக்குரிய விலையில் விற்கப்படும் கார்தான் என் பார்வையில் சிறந்த பேரம். அதில் மழையில் போகலாம், கடைவாசலில் நிறுத்தலாம், யாருடைய எண்ணும் அழிந்துவிடாது. ஆனால் அதன் முதல் உரிமையாளர் வாய்திறந்து சொன்ன உண்மை விற்பனை ரசீதில் எழுதப்படுவதில்லை. அமெரிக்காவில் காரின் உரிமைப் பத்திரமான டைட்டில், சேஸிஸ் எண்ணையும் உரிமையாளரையும் சொல்லுமே தவிர, இன்ஜின் எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. மூன்றாம் கைக்கு மாறும்போது குளோன் என்ற சொல் உதிர்ந்துவிடும், ஐந்தாம் கையில் அது இசட்-28 ஆகவே விளம்பரத்துக்கு வரும், அதை விற்பவரும் மனதார அப்படியே நம்பியிருப்பார். அன்றைக்கும் யாராவது ஒருவர் பேனட்டைத் திறக்கச் சொல்லி டார்ச் விளக்கு கேட்க வேண்டியிருக்கும்.